உதாரணத்துக்கு விட்ட இடம்

மாசாய்,
13.4.2025

என் அன்பு மகள் லோஷினிக்கு அம்மா புஷ்பவள்ளி எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். உனக்குச் சளி விட்டதா? விடுதியில் குளிக்கச் சுடுதண்ணீர் கிடைக்கிறதா?

விடுதிப் போனில் மூன்றே நிமிடம், பின்னால் வரிசை நிற்கிறது என்கிறாய். என் சங்கதி மூன்று நிமிடத்தில் அடங்காது. அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி. இல்லை, வேகமாகப் படி, எனக்கு அவசரம்!

எங்கள் பாக்டரிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். மார்கஸ் என்று பெயர். நம் ஆள்தான், ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். அவர் ஒரு புதுப் பழக்கம் கொண்டு வந்திருக்கிறார். வாரம் ஒரு இங்கிலீஷ் மரபுத்தொடரைப் பலகையில் எழுதிப் போடுவார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக் கூட்டத்தில் ஒவ்வொரு லைனிலிருந்தும் ஒருவர் எழுந்து அதற்கு அர்த்தம் சொல்லி, ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். ஆகஸ்டு வரைக்கும் யார் நன்றாகச் சொல்கிறார்களோ அவருக்குத்தான் டிரெய்னர் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். எங்கள் லைனில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கிவிட்டேன்.

ஏன் தெரியுமா? டிரெய்னருக்குச் சனி, ஞாயிறு லீவு. நம் ஜொகூர் மாநிலத்துக்கே வார லீவை சனி ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் லைனில் இருக்கிற எங்களுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் கட்டாயம். உன் பள்ளியில் பெற்றோர் வருகிற நாள் சனி. நீ பகாங் போய் இத்தனை வாரம் ஆகிறது, நான் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற வேலையில் எனக்கு வேண்டியது அந்த ஒரு நாள்தான்.

ஆறாம் வகுப்புத் தமிழ்ப்பள்ளியோடு என் இங்கிலீஷ் நின்றுவிட்டது. நீதான் கைகொடுக்க வேண்டும். முதல் இரண்டு: ‘பீஸ் ஆஃப் கேக்’, ‘அண்டர் தி வெதர்’. அர்த்தமும் உதாரணமும் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், காகிதம் என்றால் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

நான் கொடுத்துவிட்ட அச்சு முறுக்கு தீர்ந்துவிட்டதா? உன் அறைப் பிள்ளைகளுக்குப் பிடித்ததா?

முத்தங்களுடன்,
அம்மா


பகாங்,
22.4.2025

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். சளி விட்டுவிட்டது. அப்பா இந்த வாரமும் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறாரா?

பீஸ் ஆஃப் கேக் என்றால் மிகச் சுலபம். நாம் ‘அல்வா சாப்பிடுற மாதிரி’ என்போமே, அதுதான். ஆனால் ரொம்பப் பெரிய விஷயத்துக்குச் சொல்லக் கூடாது, கர்வமாகத் தெரியும். உதாரணம்: கணிதம் அவளுக்கு பீஸ் ஆஃப் கேக், பேசுவதுதான் கஷ்டம்.

அண்டர் தி வெதர் என்றால் உடம்பு கொஞ்சம் சரியில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு இல்லை. மனிதர்களுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும். உதாரணம்: அவள் அண்டர் தி வெதர் என்று சொல்லிவிட்டு அறையிலேயே இருந்தாள்.

ஒரு முக்கியமான விதி. ஒரு பேச்சுக்கு ஒன்று போதும், அம்மா. ரசத்தில் பெருங்காயம் போடுகிற அளவுதான்.

நீங்கள் கஷ்டப்பட்டு இங்கே வர வேண்டாம். பஸ்ஸில் ரொம்ப தூரம். எனக்கு இங்கே எல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது.

அன்பு மகள்,
லோஷினி


மாசாய்,
5.5.2025

என் தங்க மகளுக்கு, அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம். எனக்குத்தான் இன்று தலைகால் புரியவில்லை.

பீஸ் ஆஃப் கேக்குக்குக் கைதட்டல் கிடைத்தது. இன்று அண்டர் தி வெதர். மனிதர்களுக்கு மட்டும் என்று நீ எழுதியதை நூறு தடவை படித்துவிட்டுத்தான் போனேன். எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. கண்ணுக்கு நேரே நாலாம் நம்பர் மெஷின். அது ஒரு மாதமாக இருமிக்கொண்டே ஓடுகிறது. ‘மெஷின் நம்பர் ஃபோர் இஸ் அண்டர் தி வெதர்’ என்று சொல்லிவிட்டேன்!

செத்தேன் என்று நினைத்தேன். மார்கஸ் சிரித்தார் பாரு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மதியத்துக்குள் டெக்னீசியன் வந்து மெஷினைப் பிரித்துவிட்டார். ஒரு மாதம் மலாயில் சொல்லியும் வராத ஆள்! பக்கத்தில் நின்று வேலை செய்கிற மலாய் அக்கா, காக் ரொஹானி, என்னைப் பிடித்து உலுக்கி, “அலமாக், புஷ்பா! நீ இங்லீஷ்ல சொன்னா மெஷினுக்கே காய்ச்சல் விடுது லா!” என்றாள்.

மூன்றாம் லைன் டோரிஸ்தான் எனக்குப் போட்டி. கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் அவள் வாயில் வெண்ணெய். நல்லவள்தான். என் முதல் சிநேகிதியும் அவள்தான். இருந்தாலும் விடமாட்டேன்.

அடுத்தது ‘கோல்ட் ஷோல்டர்’, ‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’. சீக்கிரம் எழுது. முறுக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே, உப்பு கூடிவிட்டதா?

உன் அம்மா


பகாங்,
14.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு, நலம். நலமறிய ஆவல். மெஷின் கதையைப் படித்துவிட்டு நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். நூலக ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கோல்ட் ஷோல்டர் என்றால் தெரிந்தும் தெரியாதது மாதிரி இருப்பது, முகம் கொடுத்துப் பேசாதது. திட்டுவதோ அடிப்பதோ இல்லை. அதனால் யாரிடமும் புகார் சொல்லவும் முடியாது. உதாரணம்: அவள் தட்டோடு நடந்து போனபோது அந்த மேசைக்காரர்கள் அவளுக்கு கோல்ட் ஷோல்டர் கொடுத்தார்கள்.

ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர் என்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. தனக்குப் பொருந்தாத இடத்தில் இருப்பது. உதாரணம்: எல்லோரும் கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டராகத் தண்ணீர்க் குழாயருகே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இரண்டாவதை டோரிஸ் அத்தை நிச்சயம் மீன் சந்தையை வைத்துச் சொல்வார்கள். நீங்கள் வேறு மாதிரி சொல்லுங்கள்.

லீவுக்கு வருகிறேன்.

அன்புடன்,
லோஷினி


மாசாய்,
15.6.2025

அன்பு மகளுக்கு, நீ லீவு முடிந்து போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பத்து நாளும் தூங்கித் தீர்த்தாய். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் ‘ஓகேதான்மா’ என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். முறுக்கு டின்னையும் கொண்டுவரவில்லை. போகட்டும், வேறு டின் வாங்கிவிட்டேன்.

சங்கதி கேள்! போன வாரம் ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’. அத்தி பூத்தாற்போல் என்று நீ லீவில் சொல்லிக் கொடுத்ததுதான். எழுந்து, ‘நம்ம கேன்டீன் ஏர்கோன் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்தான் ஓடும்’ என்றேன். மூன்று லைனும் மேசையைத் தட்டியது. மனிதவளப் பிரிவு அம்மாள் என்னை முறைத்தார். மார்கஸ் குறித்துக்கொண்டார். நேற்றிலிருந்து ஏர்கோன் ஓடுகிறது, மகளே! குளிருக்குச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

இப்போது மிச்சம் இரண்டே பேர், டோரிஸும் நானும். ஆகஸ்டு பதினொன்றாம் தேதி கடைசிச் சுற்று. அதற்குள் ‘இன் தி சேம் போட்’, ‘ஸ்பில் தி பீன்ஸ்’ இரண்டையும் அனுப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செப்டம்பரில் முதல் சனிக்கிழமை உன் பள்ளி வாசலில் நான் நிற்பேன், பார்த்துக்கொள்.

அம்மா


பகாங்,
9.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு, நலம். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். பரீட்சை இருந்தது.

ஸ்பில் தி பீன்ஸ் என்றால் மறைத்து வைத்ததைப் போட்டு உடைப்பது. உதாரணம்: அவள் யாரிடமும் ஸ்பில் தி பீன்ஸ் செய்யவில்லை.

இன் தி சேம் போட் என்றால் எல்லோருக்கும் ஒரே நிலைமை. நல்லதோ கெட்டதோ சேர்ந்து அனுபவிப்பது. இதற்கு உதாரணம் எதுவும் தோன்றவில்லை, அம்மா. நீங்களே ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லோஷினி


மாசாய்,
13.7.2025

என் கண்ணான லோஷினிக்கு, சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நீ அனுப்பியதை எல்லாம் ஒரு 555 குட்டி நோட்டில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். சேம் போட் பக்கத்தில் உதாரணத்துக்கு இடம் விட்டுவிட்டு, பழைய பக்கங்களை முதலிலிருந்து புரட்டினேன். பேசுவது கஷ்டம் என்கிறவள் ஒருத்தி. அறையிலேயே இருந்தவள் ஒருத்தி. தட்டோடு நடந்து போனவள், குழாயருகே உட்கார்ந்து சாப்பிட்டவள், யாரிடமும் சொல்லாதவள். இத்தனை உதாரணத்திலும் வருகிறவள் ஒரே ஒருத்தி.

யார் அவள்? எனக்கு இங்கிலீஷ்தான் வராது, பெற்ற பிள்ளையைப் படிக்கத் தெரியும். நான் ஒரு முட்டாள், கைதட்டலைப் பார்த்துக்கொண்டு பெண்ணைப் பார்க்காமல் விட்டேன். எழுதும்போதே அழுகை வருகிறது.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். காஹாங் தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் இந்தப் பாக்டரிக்கு வந்தேன். முதல் நாள் கேன்டீனில் இடம் கிடைக்காமல் கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாளும் அங்கேயே. டவுன் பெண்கள் என்னைச் சேர்க்கவில்லை என்று நான் நினைத்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு எவ்வளவு ஆங்காரம் என்று அவர்கள் நினைத்தார்கள். இப்படியே நாலு மாதம்! ஒரு நாள் டோரிஸ் வந்து, “ஏ, உன்கிட்ட ஊறுகாய் இருக்கா?” என்றாள். அவ்வளவுதான், அன்றைக்கே மேசை மாறிவிட்டேன்.

இப்போது நீ ஸ்பில் தி பீன்ஸ் செய். அம்மாவிடம்தானே. திட்டமாட்டேன். பள்ளியை விட்டு வருகிறேன் என்றாலும் சரி, வா. எதுவானாலும் எழுது.

உன் அம்மா


பகாங்,
21.7.2025

அம்மா,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் வந்து சேர்ந்த வாரமே நோன்பு தொடங்கிவிட்டது. எங்கள் விடுதியில் மற்ற எல்லோரும் மலாய்ப் பெண்கள், தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். பகலில் சாப்பிடுகிறவளும் நான் ஒருத்திதான். குழாயருகே எனக்கென்று ஒரு மேசை போட்டு, சாப்பாட்டை மூடி வைப்பார்கள். அவர்கள் பட்டினி இருக்கும்போது அவர்கள் முன்னால் சாப்பிட வெட்கமாக இருந்தது, அவசரமாக விழுங்கிவிட்டு ஓடிவிடுவேன். ராத்திரியும் அதே மேசைதான். நோன்பு முடிந்து பெருநாள் லீவும் முடிந்து வந்தேன். அந்த மேசையை யாரும் எடுக்கவில்லை. நானும் அங்கேயே உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஜூலை.

முறுக்கு டின்னைத் திறக்கவே இல்லை, அம்மா. துணிகளுக்கு அடியில் இருக்கிறது. நம் வீட்டுச் சட்டியில் செய்தது, ஹலாலா என்று கேட்டுவிட்டால்? கேட்காமல் வேண்டாம் என்று தலையாட்டினால் அதைவிட மோசம். வேறு பள்ளிக்குப் போக மாற்றல் பாரம் வாங்கிப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை நீங்கள் வந்தால் என்னோடு உட்கார ஒருத்தரும் இல்லாததைப் பார்த்துவிடுவீர்கள் என்றுதான் வர வேண்டாம் என்றேன்.

உங்கள் போட்டியைக் கெடுத்துவிட்டேனா?

லோஷினி


மாசாய்,
3.8.2025

என் உயிருக்கு, அம்மா எழுதுவது. போட்டியா? அது கிடக்கட்டும். இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலைப் பத்திரமாகப் பிரி.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் காக் ரொஹானியிடம் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “பத்தொன்பது வருஷமா என் பக்கத்துல நிக்கிற. உன் முறுக்கை ஒரு நாளாவது எனக்கு நீட்டியிருக்கியா? நான் வாய்விட்டுக் கேட்டா உனக்குச் சங்கடம்னு நானும் கேக்கல லா!” என்றாள். மகளே, நீ செய்த அதே தப்பை நானும் பத்தொன்பது வருஷமாகச் செய்திருக்கிறேன்! நாம் நீட்டமாட்டோம், அவர்கள் கேட்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் அவ்வளவு மரியாதை!

போன ஞாயிறு அவள் வீட்டுக்கு என்னை இழுத்துப் போனாள். அவள் சட்டி, அவள் எண்ணெய், அவள் அடுப்பு. மாவும் அச்சும் மட்டும் என்னுடையது. காலை பத்து மணிக்குப் பிடித்து மூன்று மணி வரை சுட்டோம். அவள் முதல் ஐந்தைக் கருக்கினாள், ஆறாவதிலிருந்து என்னையே அதட்ட ஆரம்பித்துவிட்டாள். டின் மூடியில் மலாயில் எழுதி ஒட்டியிருப்பது அவள் கைதான்: ‘இது என் வீட்டு அடுப்பில் சுட்டது. பிள்ளைகளே, தயங்காமல் சாப்பிடுங்கள். ரொஹானி ஆன்டி, மாசாய்.’

மாற்றல் பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீ கேட்டால். ஆனால் அதற்கு முன்னால் டின்னை எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய மேசைக்கு ஒரு தடவை போ. ஒரே ஒரு தடவை. தி பால் இஸ் இன் யுவர் கோர்ட், இனி முடிவு உன் கையில். பார், இதை நீ சொல்லிக்கொடுக்கவில்லை. டோரிஸிடம் கேட்டுக் கற்றேன். போட்டிக்காரிக்கு யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? அவள் கொடுத்தாள்.

இப்போதே நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். என் போட்டிக்கா, உன் மேசைக்கா என்று தெரியவில்லை.

அம்மா


மாசாய்,
12.8.2025

அன்பு மகளுக்கு, உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் அவசரப்படுத்தவில்லை. நேற்று நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

கேன்டீனில்தான் கடைசிச் சுற்று. நேபாளத்திலிருந்து புதிதாகப் பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள், கதவோரம் தனி மேசையில் உட்காருவார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி விளக்க வேண்டும், அதுதான் பரீட்சை என்றார் மார்கஸ். சீட்டு எடுத்தோம். டோரிஸ் அழகாகப் பேசினாள். அந்தப் பையன்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

எனக்கு வந்தது ‘பிரேக் தி ஐஸ்’, முன்பின் தெரியாதவர்களிடம் இருக்கிற தயக்கத்தை உடைப்பது. எழுந்து நின்றேன். டோரிஸைப் பார்த்தேன், ஊறுகாய் ஞாபகம் வந்தது. நேராக அந்த மேசைக்குப் போய் நடுவில் உட்கார்ந்தேன். ஒருவன் தட்டில் சிவப்பாக ஏதோ அச்சார், அவர்கள் ஊர் ஊறுகாய். சுட்டிக்காட்டிக் கையை நீட்டினேன். அவன் திகைத்துவிட்டு ஒரு கரண்டி போட்டான். காரம் உச்சந்தலைக்கு ஏறியது! நான் ‘ஆ’ என்று அலற, பதினைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான், ஒருவன் பெயர் கேட்டான். அப்புறம்தான் எழுந்து, ‘திஸ் இஸ் பிரேக் தி ஐஸ்’ என்றேன். முதலில் கைதட்டியவள் டோரிஸ்.

வேலை கிடைத்துவிட்டது, லோஷினி! செப்டம்பர் முதல் தேதியிலிருந்து. ஆறாம் தேதி சனிக்கிழமை. நீ எந்த மேசையில் இருந்தாலும் நான் வந்து பக்கத்தில் உட்காருவேன். குழாயருகே என்றாலும் சரி.

அம்மா


பகாங்,
19.8.2025

அம்மா!!! வாழ்த்துகள்! உங்கள் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அச்சார் இடத்தில் எங்கள் விடுதிப் பெண் ஐனா மேசைக்கு அடியில் விழுந்து சிரித்தாள்.

ஐந்து நாள் டின்னோடு சாப்பாட்டுக்கூடத்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். ஆறாம் நாள் போய் மேசையில் வைத்துவிட்டேன். ஐனா மூடியை உரக்கப் படித்தாள். பிறகு, “நீ தனியா இருக்கத்தான் விரும்புறேன்னு நாங்க நினைச்சோம். உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வார்டன் வேற முதல் வாரம் சொன்னாங்க” என்றாள். முதல் வாரம்! அது நோன்பில் நான் சாப்பிடும்போது மட்டும் என்று சொன்னது! டின் பதினொரு நிமிடத்தில் காலி. குழாயருகே இருந்த மேசையை நாங்களே தூக்கிக்கொண்டு வந்து பெரிய மேசையோடு ஒட்டிவிட்டோம். மாற்றல் பாரத்தின் பின்பக்கம் இப்போது கணிதம் போட்டுப் பார்க்கிறேன்.

ஆறாம் தேதி கட்டாயம் வாருங்கள். ரொஹானி ஆன்டியையும் கூட்டி வாருங்கள், இங்கே எல்லோருக்கும் அவர்களைப் பார்க்க வேண்டுமாம். இந்தத் தடவை முறுக்கு டின் இரண்டு.

கடிதம் சின்னதாக இருக்கிறது என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், கூப்பிடுகிறார்கள். 555 நோட்டில் ஒரு இடம் காலியாக விட்டீர்களே, இதை எழுதிக்கொள்ளுங்கள். உதாரணம்: நாளைக்கு வேதியியல் பரீட்சை, எங்கள் மேசையில் ஒன்பது பேரும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, வீ ஆர் ஆல் இன் தி சேம் போட்.

லோஷினி